கதையா, கணக்கா, மேற்கோளா, காட்சியா? பத்து நிமிடப் பேச்சுக்கு எதைத் துணைக்கு எடுப்பது

பத்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டாயிற்று. தலைப்பு கையில் இருக்கிறது, சொல்ல வேண்டிய கருத்தும் தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கருத்துக்குப் பக்கபலமாக எதை வைப்பது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கதை சொன்னால் போதுமா, புள்ளிவிவரம் வேண்டுமா, அறிஞர் யாராவது சொன்னதை எடுத்துக்காட்டலாமா, ஸ்லைடு போடலாமா, இல்லை அடுக்குமொழியில் அசத்திவிடலாமா? முடிவெடுக்க முடியாதபோது எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் திணித்துவிடுவார்கள். பேச்சு பதினாறு நிமிடத்துக்கு நீளும், கேட்டவர் மனதில் ஒன்றும் தங்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வணக்கம், முன்னுரை, முடிவு மூன்றுக்கும் இரண்டரை நிமிடம் போய்விடும். மிச்சம் ஏழரை நிமிடம். கருத்தைச் சொல்லி, துணைப்பொருளை வைத்து, அவை அதை உள்வாங்க இடைவெளியும் விட்டால் இதற்குள் மூன்றுக்கு மேல் கொள்ளாது. அந்த மூன்று எவை என்பதுதான் கேள்வி.

ஒப்பிட வசதியாக ஒரே தலைப்பைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: மருத்துவமனை ஊழியர்களிடம் கை கழுவுவதைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் ஒழுங்காகச் செய்யாத விஷயம். பேச்சாளருக்கு இதைவிடக் கடினமான தலைப்பு கிடைப்பது அரிது.

## எதை வைத்து அளப்பது

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவதுதான் கனமானது. மற்ற மூன்றும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

அவையின் சந்தேகம் எது? கேட்பவர் மனதில் அந்த நேரத்தில் ஓடுவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும்: "நிஜமாவா?", "அதனால எனக்கென்ன?", "ஒண்ணும் புரியலையே", "சரி, இப்ப நான் என்ன செய்யணும்?" ஒவ்வொரு துணைப்பொருளும் இதில் ஒன்றை நன்றாகத் தீர்க்கும், மற்றவற்றை அரைகுறையாகத்தான் தொடும். "எனக்கென்ன" என்று உட்கார்ந்திருப்பவரிடம் சதவீதத்தை நீட்டுவதும், "நிஜமாவா" என்று கேட்பவரிடம் உருக்கமான கதையைச் சொல்வதும் ஒரே வகைத் தவறு.

மேடையில் எவ்வளவு நேரம் தின்னும்? எழுதிப் பார்க்கும்போது தெரியாது. வாய்விட்டுச் சொல்லி, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆங்கிலப் பயிற்சி நூல்கள் தரும் "நிமிடத்துக்கு இத்தனை சொல்" கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்காதீர்கள். "சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல்.

தயாரிக்க எவ்வளவு உழைப்பு? தேடுவது, சரிபார்ப்பது, ஒத்திகை பார்ப்பது எல்லாம் இதில் சேரும்.

பிசகினால் என்ன ஆகும்? சில பொருள்கள் சொதப்பினால் ஒரு நிமிடம்தான் வீண். சில சொதப்பினால் உங்கள் மேல் இருந்த நம்பிக்கையே போய்விடும்.

| துணைப்பொருள் | நன்றாகத் தீர்க்கும் சந்தேகம் | மேடை நேரம் | தயாரிப்பு | பிசகினால் |
|---|---|---|---|---|
| கதை, உண்மை நிகழ்ச்சி | எனக்கென்ன? | 1 – 2 நிமிடம் | நடுத்தரம் | கதை நிற்கும், கருத்து போய்விடும் |
| புள்ளிவிவரம் | நிஜமாவா? | எண் ஒன்றுக்கு 30 – 40 நொடி | அதிகம் (சரிபார்ப்பு) | பேச்சாளர் மேல் நம்பிக்கை போகும் |
| மேற்கோள், நிபுணர் கூற்று | நிஜமாவா? (ஓரளவு) | 15 – 20 நொடி | குறைவு போலத் தெரியும் | அரைத்த மாவு என்ற சலிப்பு |
| உவமை, ஒப்புமை | புரியலையே | 30 – 45 நொடி | நடுத்தரம் | தவறான புரிதல் ஆழப் பதியும் |
| செயல்விளக்கம் | நிஜமாவா? என்ன செய்யணும்? | 2 – 4 நிமிடம் | மிக அதிகம் | எல்லோர் கண்முன்னும் தோல்வி |
| ஸ்லைடு | புரியலையே | ஒன்றுக்கு 1 நிமிடம் | அதிகம் | கண் திரையில், காது எங்கோ |

## கதை

"எனக்கென்ன" என்ற சுவரை உடைக்கக் கதையை மிஞ்சியது இல்லை. நம் தலைப்புக்கு வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி தயாராக இருக்கிறது. மேடையில் சொல்லும் வடிவில்:

"1847 மார்ச் மாதம். வியன்னா பொது மருத்துவமனை. கொல்லெட்ச்கா என்ற பேராசிரியர் பிணக்கூறு ஆய்வு செய்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் நின்ற மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிடுகிறது. சின்னக் காயம். சில நாளில் மனிதர் இறந்துபோகிறார். அவருடைய பிணப் பரிசோதனை அறிக்கையை, பிரசவ வார்டு மருத்துவரான நண்பர் செம்மல்வைஸ் வாங்கிப் படிக்கிறார். தன் வார்டில் செத்துக்கொண்டிருந்த தாய்மாரின் உடலில் என்ன இருந்ததோ, அதேதான் இவர் உடலிலும். அந்த வார்டுக்கு மருத்துவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பிண அறையிலிருந்து."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். இதில் விட்டுவிட்டவற்றைக் கவனியுங்கள். செம்மல்வைஸின் பிறந்த ஊர் இல்லை, கொல்லெட்ச்கா என்ன துறைப் பேராசிரியர் என்பது இல்லை, மருத்துவமனையின் வரலாறு இல்லை. ஒரு ஆள், ஒரு இடம், ஒரு திருப்பம். திருப்பம் வந்த கையோடு கதையை நிறுத்தி, அடுத்த வாக்கியத்திலேயே கருத்தைச் சொல்லிவிட வேண்டும்: "நோயைக் கொண்டுபோனது நம்மைப் போன்றவர்களின் கைதான்."

கதையைத் தேடும் முன் இந்தக் கருத்து வாக்கியத்தை எழுதிவிடுங்கள். தலைகீழாகச் செய்பவர்கள்தான் அதிகம். பிடித்த கதை ஒன்று கையில் இருக்கும், அதைத் தலைப்போடு எப்படியாவது கோக்கப் பார்ப்பார்கள். அவை கதையை ரசிக்கும், "நல்லாப் பேசினார்" என்றும் சொல்லும். என்ன பேசினார் என்று கேட்டால் கதையைத்தான் திரும்பச் சொல்லும்.

மறைமுகச் செலவு இரண்டு. முதலாவது, ஒரு கதை எதையும் நிரூபிக்காது. "எங்க பாட்டி கையே கழுவாம தொண்ணூறு வயசு இருந்தாங்க" என்று ஒருவர் எழுந்தால் உங்கள் கதையும் அவர் கதையும் ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். இரண்டாவது, அண்மையில் நடந்த நிகழ்ச்சியாக இருந்தால் அதில் உள்ளவர் யார் என்று அவைக்குத் தெரிந்துவிடும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், வயது, தொழில் மூன்றில் இரண்டைச் சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் இல்லாவிட்டால் பழைய, பொதுவெளியில் பதிவான நிகழ்ச்சியே பாதுகாப்பு.

நடை பற்றி ஒன்று. கதையின் ஓட்டம் பொதுத்தமிழில் இருக்கலாம், கதைக்குள் ஒருவர் பேசும் வரி பேச்சுத்தமிழில்தான் வர வேண்டும். "நான் கைகளைக் கழுவிவிட்டேன் என்று செவிலியர் கூறினார்" என்றால் அங்கே மனிதரே இல்லை. "கழுவிட்டேனே டாக்டர்" என்றால் ஆள் கண்முன் நிற்பார்.

கதை பொருந்தும் இடம்: ஒத்துக்கொண்டும் செயலில் இறங்காத அவை, நன்கொடை, தன்னார்வப் பணி போன்ற வேண்டுகோள், கலவையான கூட்டம். பொருந்தாத இடம்: பணம் ஒதுக்க வேண்டிய குழு, அதே துறையின் நிபுணர்கள். அவர்களுக்கு ஒற்றை நிகழ்ச்சி என்பது மழுப்பல்.

## புள்ளிவிவரம்

கொல்லெட்ச்கா இறந்த அடுத்த மாதம், 1847 ஏப்ரலில், அந்தப் பிரசவப் பிரிவில் தாய்மார் இறப்பு 18 சதவீதத்துக்கும் மேல். மே மாத நடுவில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதை செம்மல்வைஸ் கட்டாயமாக்கினார். ஜூனில் இறப்பு 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது.

இதைவிடத் தெளிவான எண் யாருக்குக் கிடைக்கும்? இருந்தும் அன்றைய மருத்துவ உலகில் பெரும்பகுதி ஏற்கவில்லை. பல காரணங்கள் உண்டு. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற கோட்பாடு அப்போது நிலைபெறவில்லை, அதனால் "ஏன்" என்ற கேள்விக்கு எல்லோரும் ஏற்கும் பதில் அவரிடம் இல்லை. தன் ஆய்வை நூலாக அவர் வெளியிட்டது 1861-ல். அதற்குப் பிறகு எழுதிய பகிரங்கக் கடிதங்களில் எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே சாடினார். எண் "இது நடக்கிறது" என்று காட்டும். எப்படி நடக்கிறது என்பதற்கு விளக்கமும், சொல்பவர் மேல் மதிப்பும் இல்லாவிட்டால் அவை எண்ணைச் சந்தேகிக்கும், தன்னைச் சந்தேகிக்காது. அரிஸ்டாட்டில் வாதம், உணர்ச்சி, பேசுபவரின் நம்பகம் என்று மூன்றைப் பிரித்துவைத்ததன் பயன் இந்த இடத்தில் தெரியும். செம்மல்வைஸிடம் முதலாவது நிறைய இருந்தது, மூன்றாவதை அவரே செலவழித்துவிட்டார்.

எண்ணை மேடையில் சொல்லும் முறையிலும் கவனம் வேண்டும். எழுத்தில் "18.3%" என்பது நான்கைந்து குறிகள். வாயில் அது "பதினெட்டுப் புள்ளி மூன்று சதவீதம்". அவை அதைப் பிடித்து முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த வரியில் இருப்பீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "நூறு தாய்மார் உள்ளே போனால் பதினெட்டுப் பேர் திரும்பவில்லை. இரண்டே மாதத்தில், நூற்றுக்கு இரண்டு." குறிப்புத் தாளிலும் எண்ணை எழுத்தால், சொல்லப்போகும்படியே எழுதிக்கொள்ளுங்கள். தாளில் 1,40,00,000 என்று இருந்தால் மேடை வெளிச்சத்தில் சுழியம் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

எண்ணில் அடிக்கடி நடக்கும் விபத்துகள்:

- மில்லியன் – லட்சம் மாற்றம். 1 மில்லியன் 10 லட்சம்; 1 பில்லியன் 100 கோடி. மொழிபெயர்க்கும் அவசரத்தில் ஒரு சுழியம் நழுவுவது சர்வ சாதாரணம். ஒரே பேச்சில் இரண்டு முறையையும் கலக்கவே வேண்டாம்.
- சதவீதமும் சதவீதப் புள்ளியும். 18-லிருந்து 2-க்கு வந்தது 16 சதவீதப் புள்ளிக் குறைவு. அதையே "கிட்டத்தட்ட 90 சதவீதக் குறைவு" என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. "16 சதவீதம் குறைந்தது" என்பது தவறு. தெரிந்தவர் ஒருவர் அவையில் இருந்தாலும் போதும்.
- அடிப்படை எண் இல்லாத மடங்கு. "ஆபத்து இரண்டு மடங்கு" என்றால் பயமாக இருக்கும். பத்தாயிரத்தில் ஒன்று இரண்டானதா, பத்தில் ஒன்று இரண்டானதா என்பதைச் சொல்லாவிட்டால் அது மிரட்டல்தான்.
- பிறந்த இடம் தெரியாத எண். "தகவல் பரிமாற்றத்தில் 93 சதவீதம் சொல்லில் இல்லை, குரலிலும் உடல்மொழியிலும்தான்" என்பதைப் பேச்சுப் பயிற்சிகளிலேயே கேட்டிருப்பீர்கள். இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. ஒருவரின் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கும்போது, அவருடைய விருப்பு வெறுப்பைக் கேட்பவர் எதைக் கொண்டு ஊகிக்கிறார் என்பதற்கு மட்டுமே அது பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் பொருத்துவதற்கு அதில் ஆதாரம் கிடையாது. பேச்சுக்கலை ஆசிரியர்களே ஏமாந்த எண் என்றால் மற்றவற்றின் கதி என்ன?

ஒரு எண்ணுக்கு நாற்பது நொடி கொடுங்கள்: எண், அது எதில் எடுத்தது, அவைக்குப் பழக்கமான அளவில் அது எவ்வளவு, பிறகு மூச்சுவிடும் இடைவெளி. அப்படிப் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு இரண்டு எண் தாராளம். மிச்சத்தை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம், பேச்சு முடிந்தபிறகு. முன்னாடியே கொடுத்தால் தலைகள் குனிந்துவிடும்.

பொருந்தும் இடம்: முடிவெடுக்கும் குழு, சந்தேகப்படும் அவை, "நம்ம இடத்தில் அப்படியெல்லாம் இல்லை" என்று மறுப்பவர்கள். கடைசி வகையினருக்கு உலக எண்ணைவிட அவர்கள் வார்டின் சொந்த எண் ஒன்று போதும்.

## கதையையும் எண்ணையும் சேர்த்தால்?

சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்றுதான் தோன்றும். நன்கொடை விஷயத்தில் அப்படி இல்லை. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பசியால் வாடும் ஒரே ஒரு சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் கொடுத்ததைவிட, அவளோடு பஞ்சத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவாகவே கொடுத்தார்கள். எண் வந்ததும் மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே கொடை கேட்கிறீர்கள் என்றால் கதையைத் தனியே நிற்க விடுங்கள். கொள்கை முடிவோ விதிமாற்றமோ கேட்கிறீர்கள் என்றால் வரிசையை மாற்றி, எண்ணை முதலில் வைத்து, "அந்தப் பதினெட்டில் ஒருவர்" என்று நிகழ்ச்சிக்கு வாருங்கள். அப்போது அந்தக் கதையை விதிவிலக்கு என்று யாரும் தள்ள முடியாது.

## மேற்கோள், நிபுணர் கூற்று

பலரும் முதலில் கைவைப்பது இதில்தான், எளிது என்பதால். இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். எல்லோரும் அறிந்த செய்யுள் வரியோ பொன்மொழியோ அவையை உங்களோடு நெருக்கமாக்கும், எதையும் நிரூபிக்காது. ஏற்கெனவே ஒத்துக்கொண்டதற்குத்தான் அவர்கள் தலையாட்டுகிறார்கள். துறை நிபுணரோ அமைப்போ சொன்னது ஆதாரம், ஆனால் துறை பொருந்த வேண்டும். விண்வெளி விஞ்ஞானியின் கருத்து கை கழுவுவதற்குச் சான்றாகாது.

உழைப்பு குறைவு என்பது பொய்த்தோற்றம். இணையத்தில் சுற்றும் பொன்மொழிகளில் யார் சொன்னது என்பது தவறாக இருப்பவை ஏராளம். "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்ற வரியை வால்டேர் எழுதவில்லை. அவருடைய நண்பர்களைப் பற்றி ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் 1906-ல் வெளியிட்ட நூலில், வால்டேரின் மனப்போக்கை விளக்க எழுதிய வரி அது. எந்த நூல், எந்தச் சொற்பொழிவு என்று மூலம் கிடைக்காத மேற்கோளை விட்டுவிடுவதே நல்லது.

அமைப்புகளைச் சுட்டும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவும் முழு முறைக்கும் 40 முதல் 60 நொடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். குறைந்தது 20 நொடி தேய்க்கச் சொல்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஒன்று நனைப்பதிலிருந்து துடைப்பதுவரை மொத்தம், மற்றது தேய்க்கும் நேரம் மட்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒன்றை மட்டும் எடுத்து வீசினால், மற்றதைப் படித்தவர் கை தூக்குவார்.

## உவமை

"புரியலையே" என்பதற்கு இதுதான் மருந்து. கண்ணுக்குத் தெரியாத கிருமி எப்படிக் கைமாறுகிறது என்று விளக்க, ஈரமான பெயின்ட்டைத் தொட்டவர் வீடெல்லாம் கைத்தடம் பதிப்பதைச் சொல்லலாம். கதவுக் குமிழ், சுவிட்சு, போன், குழந்தையின் கன்னம். நான்கு இடம் போதும், ஐந்தாவது வேண்டாம்.

எந்த உவமையும் ஓரிடத்தில் பொருந்தாமல் போகும். பெயின்ட் காய்ந்தால் ஒட்டாது, பெருகவும் செய்யாது, கிருமி அப்படியில்லை. "காய்ந்த கை சுத்தமான கை" என்று அவை முடிவுகட்டிவிட்டால் உவமை செய்த கெடுதலை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். பொருந்தாத இடத்தை நீங்களே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்: "பெயின்ட் காய்ந்துவிடும், இது காய்ந்த பிறகும் இருக்கும்." துறை தெரிந்தவர்களிடம் உவமையே தேவையில்லை, நேரடியாகச் சொல்லலாம்.

## செயல்விளக்கம்

நம் தலைப்புக்கு இருக்கும் வழிகளில் இதுதான் பலம் வாய்ந்தது என்பது என் கணிப்பு. புற ஊதா ஒளியில் ஒளிரும் லோஷன் கிடைக்கிறது. ஒருவர் கையில் தடவி, வழக்கம்போலக் கழுவச் சொல்லி, ஊதா விளக்கின் கீழ் காட்டச் சொன்னால் கட்டைவிரல், விரல் நுனி, நகத்தின் ஓரம் எல்லாம் பளபளவென்று மின்னும். "நான் ஒழுங்காத்தான் கழுவுறேன்" என்ற நம்பிக்கையை இதைப்போல எந்த எண்ணாலும் அசைக்க முடியாது.

செலவும் அதிகம். கழுவவே ஒரு நிமிடம், தடவுவது, போய்வருவது, விளக்கை அணைப்பது என்று நான்கு நிமிடம் பறந்துவிடும். ஜன்னல் திறந்த பகல்நேர அரங்கில் ஒளிர்வது தெரியவே தெரியாது. இருட்டாக இருந்தாலும் கை என்பது சிறிய பொருள், மூன்றாவது வரிசைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. முப்பது பேருக்கு மேல் என்றால் போன் கேமராவைப் புரொஜெக்டரில் இணைத்துப் பெரிதாக்கிக் காட்ட வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த, தடவிக் கழுவும் வேலையை நீங்கள் மேடையேறும் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு தன்னார்வலர்கள் போதும். கையை எதிலும் படாமல் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காரட்டும். தேவைப்படும் கணத்தில் விளக்கைக் காட்டினால் ஒரே நிமிடம்.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சேலஞ்சர் விண்கல விபத்தை விசாரித்த குழுவின் கூட்டத்தில், 1986 பிப்ரவரி 11 அன்று, ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் இறுக்கிப் பனிக்கட்டித் தண்ணீரில் போட்டுக் காட்டினார். குளிரில் ரப்பர் சட்டென்று பழைய வடிவுக்குத் திரும்பாது என்பது ஒரே பார்வையில் விளங்கியது. தற்செயலாகத் தோன்றிய இந்தக் காட்சியை அன்று காலையிலேயே தனியாகச் செய்துபார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கூட்டத்தில் அவசரப்பட்டு முன்கூட்டியே தொடங்கப் பார்த்தவரைப் பக்கத்தில் இருந்த குழு உறுப்பினர் "இப்போது வேண்டாம்" என்று தடுத்தார். ஒத்திகை, நேரம் பார்த்துக் காட்டுவது இரண்டும் இல்லாவிட்டால் அந்தப் பனிக்கட்டித் தண்ணீர் வெறும் விசித்திரமாகப் போயிருக்கும்.

மேடையில் பழுதாகிவிட்டால் மன்னிப்புக் கேட்டு மறுபடி மறுபடி முயலாதீர்கள். நன்றாக வந்த ஒத்திகையின் படம் ஒன்றைப் போனில் வைத்திருங்கள், அதைக் காட்டிவிட்டு நகருங்கள்.

## ஸ்லைடு

வரைபடம், படம், படிமுறை ஆகியவற்றுக்கு ஸ்லைடு நல்லது. பேசுவதையே எழுதிப் போடுவதற்கு ஆகாது. திரையில் உள்ள வாக்கியத்தை நீங்களும் வாய்விட்டுப் படித்தால் புரிதல் குறைகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அவை உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு, நீங்கள் முடிப்பதற்காகக் காத்திருக்கும்.

ஸ்லைடுக்கு ஒரு கருத்து. எழுத்து 28 புள்ளிக்குக் கீழே வேண்டாம். தமிழில் கொம்பும் சுழியும் நெருக்கமாக வருவதால் 32 இன்னும் நல்லது. வரைபடத்தில் சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள், அதைப் பிரித்தறிய முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்.

தமிழ் ஸ்லைடுக்கே உரிய ஆபத்து எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பைதான் திரையில் வரும். யூனிகோடில் அடியுங்கள், கூடவே பிடிஎஃப் நகல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப் போங்கள். அரங்கின் கணினியில் அரை மணி நேரம் முன்பே திறந்துபார்த்துவிடுங்கள். மின்சாரம் போனாலும் பேச முடிகிற பேச்சுக்குத்தான் ஸ்லைடு துணை. ஸ்லைடு இல்லாமல் நகராத பேச்சு இன்னும் தயாராகவில்லை.

## சொல்லலங்காரம் எங்கே வரும்

அடுக்குமொழி, எதுகை மோனை, திரும்பத் திரும்பச் சொல்வது, கேள்வி எழுப்புவது, எதிரெதிர் நிறுத்துவது ஆகிய இவை எந்தச் சந்தேகத்தையும் தீர்க்காது. அதனால்தான் அட்டவணையில் இடமில்லை. தீர்ந்த சந்தேகத்தை நினைவில் தங்கவைப்பதுதான் இவற்றின் வேலை. முழுப் பேச்சிலும் தூவக்கூடாது. வீட்டுக்குப் போகும்போது அவை வாயில் முணுமுணுக்க வேண்டிய ஓரிரு வாக்கியத்துக்கு மட்டும் செலவழியுங்கள்.

திரும்பச் சொல்லல். மார்ட்டின் லூதர் கிங் 1963 ஆகஸ்ட் 28 அன்று "எனக்கொரு கனவு உண்டு" என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது ஒவ்வொரு முறையும் அதற்குப்பின் புதிய காட்சி ஒன்று வந்தது. புதிதாக ஒன்றும் வராவிட்டால் அது வெறும் ஊசி மாட்டிய ரெக்கார்டு. ஆங்கிலத்தில் இது வாக்கியத்தின் தொடக்கத்தில் எளிதாக அமையும். தமிழில் வினை கடைசியில் வருவதால் அழுத்தமும் கடைசியில்தான் விழும். எனவே முடிவைத் திரும்பச் சொல்லுங்கள்: "நோயாளியைத் தொடும் முன், கழுவு. தொட்ட பின், கழுவு. கையுறையைக் கழற்றியதும், கழுவு." இதே காரணத்தால், வினை வருவதற்குள் நாலு எச்சம் கோத்த நீள வாக்கியம் மேடையில் செத்துவிடும். எழுத்தில் சரியாக இருப்பது காதுக்குப் பிடிபடாது.

மூன்றடுக்கு. மூன்றாவது உறுப்பு நீளமாகவோ எதிர்பாராததாகவோ இருந்தால் நிற்கும். லிங்கன் 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்கில் பேசியது சுமார் 270 சொல்தான். மக்களுடைய, மக்களால், மக்களுக்காக என்ற அடுக்கு அதன் கடைசி வரியில் வந்தது. அவருக்கு முன் எட்வர்ட் எவரெட் பேசிய இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு வரி சொல்லச் சொன்னால் யாரால் முடியும்?

கேள்வி. கேட்டுவிட்டு இரண்டு நொடி நிறுத்தாவிட்டால் அது கேள்வியே இல்லை. விடை தெரியாத கேள்வியை, அதுவும் எதிர்ப்பான அவையில், கேட்காதீர்கள். யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

எதுகை, மோனை. விழா மேடையில் கைதட்டல் நிச்சயம். அலுவலகக் கூட்டத்தில் அதே வரி, விற்க வந்தவர் பேச்சாகக் கேட்கும். சோதனை எளிது: அலங்காரத்தை எடுத்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல ஏதாவது மிச்சம் இருந்தால் அலங்காரத்தைத் திருப்பி வைக்கலாம்.

## எந்த அவைக்கு எந்த மூன்று

ஒத்துக்கொள்ளும், ஆனால் செய்யாத அவை (நம் ஊழியர்கள்): செயல்விளக்கம், ஒரு கதை, அவர்கள் வார்டின் ஒரு எண். மேற்கோள் வேண்டாம். தெரிந்ததையே சொல்லக் கூப்பிட்டார்களா என்ற எரிச்சல் வரும்.

பணமோ அனுமதியோ தர வேண்டிய குழு: இரண்டு எண், ஒரு வரைபடம், பொருந்தும் அமைப்பின் வழிகாட்டுதல். அலங்காரம் முடிவு வாக்கியத்தில் மட்டும்.

எதிர்க்கும் அவை: அவர்களுடைய வலுவான ஆட்சேபத்தை நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதைவிட நன்றாகச் சொல்லுங்கள். பிறகு அவர்களே மதிக்கும் ஒருவரின் கூற்று, பிறகு எண். உருக்கமான கதையோடு தொடங்கினால் மடக்கப் பார்க்கிறார் என்று கையைக் கட்டிக்கொள்வார்கள்.

குழந்தைகள், புதியவர்கள்: உவமை, செயல்விளக்கம், திரும்பச் சொல்லும் ஒரு வரி. எண் ஒன்றுகூட வேண்டாம்.

இரண்டு நிமிடம்தான் என்றால்: ஒன்றே ஒன்று. பெரும்பாலும் கதை, அதுவும் மேலே உள்ள அளவில்.

முன் பேசியவர் உங்கள் நேரத்தில் நான்கு நிமிடத்தைத் தின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகப் பேசி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். எந்த வரிசையில் வெட்டுவது என்பதை வீட்டிலேயே குறிப்புத் தாளின் ஓரத்தில் எழுதி வையுங்கள்: முதலில் மேற்கோள், அடுத்து இரண்டாவது எண், பிறகு உவமை, பிறகு முன்னுரையில் பாதி. கதையை வெட்டுவதானால் முழுதாக எடுத்துவிடுங்கள், நடுவில் சுருக்கினால் திருப்பம் காணாமல் போய்விடும். செய்யச் சொல்லும் கடைசி வாக்கியத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதைத் தாளின் அடியில் தனியே, கண்ணாடி இல்லாமலும் படிக்க முடிகிற அளவில் எழுதிக்கொள்ளுங்கள்.